செக் இளைத்த கதை

அன்புள்ள தேன்மொழிக்கு,

வாயுக் கம்பெனி உன்னை ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தைப் படிக்காமலே நீ வக்கீலுக்குப் போன் போட்டுவிடுவாய். புதுக் கிணற்றின் முதல் ராயல்டி செக் 3,300 டாலர், அடுத்தது 3,000, பிறகு 2,700, இப்போது 2,300 என்று வரிசையாக எழுதி, கடைசியில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறாய். ஒன்றே போதும் அம்மாடி, மாமாவுக்குப் புரியும். செக் இளைப்பது உன் நிலத்துக்கு அடியில் இருக்கும் பாறையின் குணம். ஏமாற்று என்று ஒன்று இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கும். நீ இன்னும் புரட்டிப் பார்க்காத காகிதங்களில். அங்கே பிறகு போகலாம். முதலில் பாறை.

நீங்கள் ஸ்டோன்வால் பக்கம் 16 ஏக்கர் வாங்கியபோது பைன் மரங்களையும் குளத்தையும்தான் படம் எடுத்து அனுப்பினாய். அதற்குக் கீழே இரண்டு மைலுக்கும் கூடுதலான ஆழத்தில் ஹேன்ஸ்வில் ஷேல் படுத்திருக்கிறது. வடமேற்கு லூசியானாவிலும் அதை ஒட்டிய கிழக்கு டெக்சாஸிலும் பரவிய கரிய களிப்பாறை. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், அங்கே ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் ஆக்சிஜன் குறைவு. மேலே செத்து விழுந்த நுண்ணுயிர்கள் மக்கிப் போகாமல் சேற்றோடு சேர்ந்து புதைந்தன. அதன்மேல் போசியர் ஷேல், அதற்குமேல் காட்டன் வேலி மணற்பாறைகள், அதற்கும்மேல் ஹாஸ்டன் என்று அடுக்கு ஏறியது. ஆழம் கூடக் கூட வெப்பமும் கூடி, அந்த உயிர்ச்சேறு மீத்தேனாக மாறியது. இன்றைக்கும் அங்கே 150 டிகிரி செல்சியஸ் வெப்பம். (ஹேன்ஸ்வில் என்ற ஊர் கிளேபோர்ன் பாரிஷில், அதாவது மாவட்டத்தில், இருக்கிறது. பெயர் அந்த ஊருக்கு, வாயுவில் பெரும்பங்கு உங்கள் டிசோட்டோவுக்கும் பக்கத்து ரெட் ரிவர் பாரிஷுக்கும். பெயர் ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு என்பது நம் குடும்பத்தில் புதிதா என்ன?)

உன் வேலிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணறு இருப்பதாகவும், அது வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் ஒரே மாதிரி கொடுத்துக்கொண்டிருப்பதாகவும், புதிய கிணறு மட்டும் ஏன் இப்படிச் சரிகிறது என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அந்தப் பழைய கிணறு காட்டன் வேலி மணற்பாறையில் நேராக இறக்கியது. மணற்பாறையில் துளைகள் உண்டு, துளைக்குத் துளை வழியும் ஓரளவு உண்டு. அந்தக் கிணறு எப்போதோ தன் வேகத்தையெல்லாம் இழந்து, இப்போது வால்பகுதியில் ஓடுகிறது. அதனால்தான் உனக்கு ‘ஒரே மாதிரி’ தெரிகிறது. அதன் முதல் இரண்டு வருஷத்தை நீ பார்க்கவில்லை.

ஷேல் வேறு ஜாதி. வாயு எங்கே பிறந்ததோ அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. பாறை வழியாக அது தானாக நகர்ந்து கிணற்றுக்கு வரும் என்று எதிர்பார்த்தால் உன் பேரன் பேத்திகளும் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் துளையை நேராக இறக்கி, பாறைக்குள் போனதும் படுக்கையாகத் திருப்பி, இன்னும் இரண்டு மைல் ஓட்டுகிறார்கள். பிறகு தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். பிளவு மறுபடி மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கிப் பிடிக்கிறது. கிணறு திறந்ததும் முதலில் வருவது பிளவுகளிலும் அவற்றை ஒட்டியும் இருக்கும் வாயு. அது தீரத் தீர, உள்ளே இருக்கும் வாயு பாறையிலிருந்து கசிந்து பிளவை அடைந்தாக வேண்டும். அந்தக் கசிவு மிக மெதுவானது. செக் இளைப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஹேன்ஸ்வில்லில் இன்னொரு விசேஷமும் உண்டு. சாதாரணமாகப் பூமிக்குள் ஓர் அடி இறங்கினால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். இங்கே அது 0.9 பவுண்டு வரை போகிறது. 12,000 அடியில் என்ன ஆகும் என்று நீயே பெருக்கிப் பார். கோலி சோடாவை உடைத்ததும் பாதி நம் சட்டைமேல் போகுமே, அதே கதை. 2008-லும் 2009-லும் கம்பெனிகள் அப்படித்தான் திறந்துவிட்டன. ஒரு கிணறு நாளைக்கு 2 கோடி கன அடி என்று பத்திரிகைக்குச் செய்தி போகும், பங்குச் சந்தை கைதட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் முதலில் வந்ததில் 80 சதவீதம் காணாமல் போயிருக்கும். அழுத்தம் திடீரென்று இறங்கினால் மேலே இருக்கும் பாறையின் பாரம் பிளவுகளை மூடிவிடும், தாங்கி நிற்கும் மணலும் நொறுங்கும். அதற்குப் பிறகுதான் சோக் என்ற சின்னத் துவாரத்தின் வழியாக நிதானமாக விடக் கற்றுக்கொண்டார்கள். சில கம்பெனிகள் பல மாதம் ஒரே அளவில் பிடித்து வைத்துப் பிறகு இறங்க விடும், சில ஆரம்பத்திலிருந்தே மெல்ல இறங்க விடும். ஆகவே, தேவாலயத்தில் பார்த்த பெரியவர் “2010-ல் என் முதல் செக் உன்னுடையதைப் போல நாலு மடங்கு” என்று சொன்னால் வயிறு எரியாதே. அவருடைய பதின்மூன்றாவது செக் எவ்வளவு என்று கேள்.

மாப்பிள்ளையின் எக்செல் கணக்குக்கு வருகிறேன். அவர் இரண்டு ஷீட் அனுப்பியிருந்தார். ஒன்றில் முதல் செக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை முப்பது வருஷத்தால் பெருக்கி, பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். இன்னொன்றில் நான்கு செக்கையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, வருஷம் முடிவதற்குள் கிணறு செத்துவிடும் என்று கண்டுபிடித்திருக்கிறார். திங்கள்கிழமை கோடீஸ்வரர், செவ்வாய்க்கிழமை ஓட்டாண்டி. கிணறு இரண்டில் எதையும் செய்யாது. முதலில் செங்குத்தாக இறங்கும், பிறகு சரிவு குறையும், பிறகு நீண்ட வால். சரிவின் வேகமே மாதா மாதம் குறைந்துகொண்டு வரும். வாழ்நாள் முழுக்கத் தரப்போவதில் பெரும்பங்கை முதல் சில வருஷங்களிலேயே தந்துவிட்டு, மீதியைச் சில்லறையாகப் பல வருஷம் தரும். இதை வைத்து வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கலாம். புதுக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. நீ எழுதிய நான்கு எண்களும் டாலர். டாலரைப் பார்த்துக் கிணற்றை எடைபோடக் கூடாது. செக்கோடு வரும் தாளில் அளவு ஒரு வரிசை, விலை ஒரு வரிசை. அளவைத் தனியாக எழுதி வை. விலை அமெரிக்கா முழுக்க ஆடுகிற ஆட்டம். 2008 கோடையில் ஹென்றி ஹப் என்ற சந்தை அளவுகோல் விலை 13 டாலரைத் தொட்டது, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே, 2022 ஆகஸ்டில் 9 டாலருக்கு மேல், 2024-ல் சராசரியே இரண்டு டாலரும் சில்லறையும். உன் கிணறு துளி குறையாமல் ஓடினாலும் விலை பாதியானால் செக் பாதி. தவிர, இந்த மாதச் செக் இந்த மாத வாயுவுக்கு அல்ல, ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தையதற்கு. ஏதாவது ஒரு மாதம் சுத்தமாகப் பூஜ்யம் வந்தால் அதற்கும் அழாதே. பக்கத்தில் புதுக் கிணறு பிளக்கும்போது பழையதை மூடி வைப்பார்கள். விலை விழுந்த 2024-ல் தோண்டி முடித்த கிணறுகளையே திறக்காமல் காத்திருந்த கம்பெனிகள் உண்டு.

கம்பெனி சொல்வதை நம்ப வேண்டுமா என்று நீ கேட்பாய். வேண்டாம். லூசியானா அரசின் சான்ரிஸ் என்ற இணையத் தளத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரிசை எண் இருக்கிறது. மாதா மாதம் எவ்வளவு வாயு என்று கம்பெனி அரசுக்குச் சொன்ன கணக்கு அங்கே கிடைக்கும். காசு கிடையாது. தளம் பார்க்கப் பழைய காலத்து ரேஷன் கடை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். உன் தாளில் இருக்கும் அளவும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகு யாரைத் திட்டுவது என்று முடிவு செய்யலாம்.

இனி நீ கோபத்தோடு சிவப்பு மையில் வட்டம் போட்ட விஷயம். “2010-ல் போட்ட ஷேல் கிணற்றுக்கு 0.005 என்று போட்டிருக்கிறான், புதுக் கிணற்றுக்கு 0.0025 என்று போட்டிருக்கிறான். ஒரே நிலம், பாதியைத் தின்றுவிட்டானே!” சரி, கணக்கைப் போடு. டிசோட்டோவில் நிலம் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பிரிந்திருக்கிறது. ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர் (நிஜ அளவையில் சில ஏக்கர் முன்பின் இருக்கலாம்). மாநில அரசு அதை ஒரு யூனிட்டாக அறிவிக்கும். யூனிட்டுக்குள் கிணறு யார் வீட்டு வாசலில் இருந்தாலும் வாயு ஏக்கர் கணக்குப்படிதான் பங்கு. உன் 16-ஐ 640-ஆல் வகுத்தால் 0.025. உன் நிலத்தின் லீஸில் ராயல்டி ஐந்தில் ஒரு பங்கு. பெருக்கினால் 0.005. அந்த 2010 கிணறு ஒரே செக்‌ஷனுக்குள் முடிந்தது. ஒரு மைல் 5,280 அடி, இரண்டு எல்லைகளிலும் இடம் விட்டதுபோக அப்போதெல்லாம் 4,500 அடி சொச்சம்தான் ஓட்ட முடிந்தது. புதியது இரண்டு செக்‌ஷன்களைக் கடந்து போகிறது. நீளத்தில் எத்தனை பங்கு எந்த யூனிட்டில் இருக்கிறதோ அத்தனை பங்கு வாயு அந்த யூனிட்டுக்கு. பாதி உன் செக்‌ஷனில், பாதி வடக்கே. ஆகவே 0.0025. யாரும் தின்னவில்லை. பாதிப் பங்குதான், ஆனால் கிணறு இரட்டை நீளம்.

இதையும் சரிபார்: நாளைக்கு 1.5 கோடி கன அடி, முப்பது நாளைக்கு 45 கோடி. இங்கே ஆயிரம் கன அடிதான் அலகு, ஆகவே 4,50,000. விலை 3 டாலர் என்றால் 13,50,000 டாலர். அதில் 0.0025 பங்கு 3,375. உன் முதல் செக் எவ்வளவு என்றாய்?

“கிணறு எங்கள் வீட்டுக்கு நேர் அடியில் போகிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் எனக்கும் ஏக்கருக்கு ஒரே காசா?” அவர் அதே செக்‌ஷன் என்றால் ஆமாம். மேற்குப் பக்கம் ரோட்டைத் தாண்டினால் வேறு செக்‌ஷன், அவருக்கு இந்தக் கிணற்றில் சல்லிக்காசு கிடையாது. அவரோடு பேச்சை வளர்க்காதே, பாவம். “கையெழுத்தே போடாத ஒருவருக்கு ராயல்டி அல்ல, முழுப்பங்கே உண்டாமே?” உண்டு. ஆனால் கிணற்றுச் செலவில் அவர் பங்கு கழிந்த பிறகு. கிணற்றின் மொத்தச் செலவு ஒரு கோடி டாலருக்கும் மேல் என்பதை நினைவில் வை.

நம்ம ஊர் நினைப்பை நீ கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும். நரிமணம் பக்கம் ஓஎன்ஜிசி கிணறு இருக்கும் நிலத்துக்காரருக்கு இடத்துக்கான குத்தகைதான். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். பட்டா அவர் பெயரில் இருந்தாலும் அடியில் இருப்பது அவருடையதல்ல. அமெரிக்காவில் அடியில் இருப்பதும் தனியார் சொத்து. மேல் நிலத்தை ஒருவர் வைத்துக்கொண்டு கீழே இருப்பதை இன்னொருவருக்கு விற்கலாம். உனக்கு நிலம் விற்றவர் கனிமத்தைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளாமல் விற்றிருக்கிறார். அவர் மனசு நல்ல மனசு, அல்லது அவருடைய வக்கீல் தூங்கிவிட்டார்.

இங்கேதான் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் இருக்கும் உன் சிநேகிதிகளின் வாட்ஸ்அப் ஆலோசனை ஆபத்து. டெக்சாஸில் கனிம உரிமையைப் பிரித்தால் பிரித்ததுதான், தலைமுறை தலைமுறையாகத் தனியாகவே போகும். லூசியானாவின் சட்டம் பிரெஞ்சு, ஸ்பானிய வழியில் வந்தது, கவுன்டியைக்கூடப் பாரிஷ் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒருவர் கனிம உரிமையைப் பிரித்து வைத்துக்கொண்டு 10 வருஷம் பயன்படுத்தாமல் விட்டால், அது நிலத்துக்காரரிடமே திரும்பிவிடும். தோண்டினாலோ வாயு வந்துகொண்டிருந்தாலோ கடிகாரம் திரும்பத் தொடங்கும். நாளை நீங்கள் வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டன் போனால் இந்த விதி உங்கள் பக்கம் திரும்பி நிற்கும். விற்கிற பத்திரத்தில் கனிமத்தை ஒதுக்கும் ஒரு வரியை எழுதச் சொல்ல மறக்காதே. எழுதாவிட்டால் உனக்கு விற்றவருக்கு நேர்ந்ததுதான் உனக்கும்.

“புதுக் கிணறு போட்டார்களே, எனக்கு போனஸ் எங்கே?” என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். போனஸ் லீஸில் கையெழுத்துப் போடும்போது வாங்குவது. 2008 மார்ச்சில் செசபீக் கம்பெனி ஹேன்ஸ்வில்லை ஊருக்கு அறிவித்தபின், ஏக்கருக்குச் சில நூறு டாலராக இருந்த போனஸ் சில மாதங்களில் 20,000-ஐத் தாண்டிப் போனது. லீஸ் தாள்களோடு வீடு வீடாக ஆட்கள் அலைந்த காலம். உன் நிலத்தின் லீஸும் அந்த வருஷத்தியது. போனஸ் பழைய சொந்தக்காரர் கையில் போய்ச் செலவும் ஆகியிருக்கும். வாயு வந்துகொண்டிருக்கும்வரை அந்த லீஸ் உயிரோடு இருக்கும், நீயும் அதற்குள்தான் இருக்கிறாய். அதே ஊரில் இன்னும் பரிதாபமானவர்கள் உண்டு. பாட்டன் காலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போட்டு, மேலே ஹாஸ்டனில் ஒரு சோம்பேறிக் கிணறு சொட்டிக்கொண்டிருந்ததால், ஆழத்தில் புதையல் கிடைத்தபோது ஒரு டாலர் போனஸ்கூட வாங்க முடியாதவர்கள். ஆழ வரம்பு போடாத லீஸ் அது.

சரி, கோபப்பட வேண்டிய இடம். தாளில் பிடித்தங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதை ஏன் படம் எடுக்காமல் விட்டாய்? வாயுவைச் சேகரிக்கும் குழாய்க் கட்டணம், நீரை நீக்குவது, கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பிரிப்பது, அமுக்கி அனுப்புவது, பிரதானக் குழாய்க்குக் கொண்டுபோவது. கிணற்று வாயைத் தாண்டிய இந்தச் செலவுகளில் உன் பங்கைக் கழிக்கலாமா கூடாதா என்பதை லீஸின் வாசகம்தான் முடிவு செய்யும். சில லீஸ்கள் கழிக்கவே கூடாது என்கின்றன, சில மௌனமாக இருக்கின்றன. விலை 2 டாலராக இருக்கும்போது ஆயிரம் கன அடிக்கு அரை டாலர் கழிந்தால் உன் பங்கில் கால்வாசி போயிற்று. 0.0025-க்கு வட்டம் போட்ட சிவப்பு மையை இங்கே செலவழித்திருக்கலாம். மாநில உற்பத்தி வரி என்று ஒரு வரி பின்னால் புதிதாக முளைத்தால் மட்டும் பதறாதே. படுக்கைக் கிணறுகளுக்கு, வாயு விலையைப் பொறுத்து, 24 மாதம் அல்லது செலவு மீளும்வரை, எது முந்தியதோ அதுவரை அந்த வரியில் சலுகை உண்டு, பிறகு பிடிப்பார்கள். உன் வருமான வரிக்கும் ஒரு சேதி: ராயல்டியில் 15 சதவீதத்தை, தீர்ந்துபோகிற சொத்து என்ற கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உன் ஆடிட்டருக்கு ஐடி சம்பளம் மட்டுமே பழக்கம் என்றால் அவருக்கு நினைவூட்டு.

டிவிஷன் ஆர்டர் என்று ஒரு தாள் வந்ததாம், கையெழுத்துப் போடலாமா என்றாய். போடு, அதில் இருக்கும் உன் பங்கின் டெசிமலைச் சரிபார்த்துவிட்டுப் போடு. அந்தத் தாள் உன் லீஸை மாற்ற முடியாது. அதோடு வந்த இன்னொரு கவர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. “உங்கள் கனிமத்தை வாங்கிக்கொள்கிறோம்” என்ற கடிதமும், அழகாக உன் பெயர் அச்சடித்த செக் மாதிரி ஒரு தாளும். அது செக் அல்ல, டிராஃப்ட். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காமல் வங்கியில் போட்டால் நீ எதை விற்றாய் என்பதே உனக்குத் தெரியாமல் போகலாம். அவர்கள் ஏன் இப்போது எழுதுகிறார்கள் என்று யோசித்தாயா? சான்ரிஸை அவர்களும்தான் படிக்கிறார்கள். உன் செக்‌ஷனில் இன்னொரு கிணற்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்களா, போசியர் ஷேலில் யாராவது அக்கறை காட்டுகிறார்களா என்று நீ முதலில் பார். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றால் விற்கலாம், அதுவும் பாதியை விற்று மீதியை வைத்துக்கொள்ளலாம். இளைக்கும் செக்கைப் பார்த்துப் பயந்து விற்காதே. உன் பயத்துக்குத்தான் அவர்கள் விலை எழுதியிருக்கிறார்கள்.

லீஸின் முதல் பக்கங்களை எனக்கு அனுப்பியிருந்தாய். அவை கடையில் விற்கும் அச்சுப் படிவம், எனக்கு எதற்கு? கடைசியில் டைப் அடித்து ஒட்டியிருப்பார்கள், பின்னிணைப்பு என்று. அந்த இரண்டு மூன்று பக்கங்களையும், பிடித்தங்கள் இருக்கும் தாளின் கீழ்ப்பாதியையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. உன் கட்டைவிரல் அதில் தெரிய வேண்டாம். டிராஃப்டைத் தொடாதே. மற்றதைச் சனிக்கிழமை போனில் பேசிக்கொள்வோம், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை.

அன்புடன்,
மாமா